மூன்றாம் மாடியிலிருந்து றிச்மண்ட் ஹில் வரை

1993 செப்டெம்பர், கனடாவின் தொழிலாளர் தினத்துக்கு அடுத்த நாள் காலை. பார்க்டேலில் கிங் வீதியும் ஜேம்சன் அவெனியூவும் சந்திக்கிற மூலையில் நானும் அண்ணாவும் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீட்காருக்காக நின்றோம். கையில் இரண்டு சூட்கேஸ், ஒரு தலையணை, அண்ணி கட்டித் தந்த மிளகாய்த்தூள் போத்தல். நான் போகவேண்டிய இடம் இதே ரொறன்ரோவில், ஏழெட்டுக் கிலோமீற்றருக்குள்தான் இருந்தது. யாழ்ப்பாணத்து அல்வாயிலிருந்து புறப்பட்டு, கொழும்பிலும் சிங்கப்பூரிலும் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, பதினாறு வயதில் அண்ணாவிடம் வந்து சேர்ந்தவள் நான். அம்மா இன்னும் அல்வாயில்தான். ரெலிபோன் இல்லை, கடிதம் வந்தால் வரும். அந்தத் தூரத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு பயணமே இல்லை என்று அன்று நினைத்தேன்.

ஸ்ரீட்கார் வந்தது. ஆளுக்கு இரண்டு டொலர். சாரதி சூட்கேஸ்களைப் பார்த்துவிட்டு, “விமான நிலையம் மற்றப் பக்கம்” என்றார். “இல்லை, யூனிவர்சிற்றி” என்றார் அண்ணா, பெருமையை மறைக்கத் தெரியாமல். சாரதி என்னைத் திரும்பிப் பார்த்து, “அப்ப அது இன்னும் தூரம்” என்று சிரித்தார்.

அண்ணா ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அவருக்கு அன்று காலை வேலை. ஸ்பாடினாவில் இறங்கும்போது, “போய்ச் சேந்த உடனை போன் எடு. சாப்பாடு சரிவராட்டில் ஞாயிறு வா” என்றார். கதவு மூடியபிறகும் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். ஸ்ரீட்கார் நகர்ந்ததும் அவரைக் காணவில்லை. சென் அன்றூ நிலையத்தில் இறங்கி, சூட்கேஸ்களைப் படிக்கட்டில் ஒவ்வொன்றாக இழுத்து, வடக்கே போகும் நிலக்கீழ் ரயிலான சப்வேயில் ஏறி, மியூசியம் நிலையத்தில் மேலே வந்தேன். மேப்பிள் மரங்களும் கரும்பழுப்புக் கல் கட்டடங்களும். இரண்டு நிமிட நடையில் நகரத்தின் சத்தம் அடங்கிவிட்டது.

போகாதவர்களுக்காக இதைச் சொல்லவேண்டும். இந்தப் பல்கலைக்கழகம் ஒரே கட்டடம் அல்ல. அதற்குள் பல கல்லூரிகள் இருக்கின்றன. பாடங்கள் எல்லோருக்கும் பொது. விரிவுரை மண்டபங்களும் பொது. ஆனால் படுப்பதும் சாப்பிடுவதும் கல்லூரியில். ஒவ்வொரு கல்லூரிக்கும் தன் விடுதி, தன் நூலகம், தன் சாப்பாட்டு மண்டபம், தன் பாட்டு, தன் நிறம். நீ யார் என்று கேட்டால் பாடத்தைச் சொல்வதில்லை, கல்லூரியைச் சொல்லுகிறார்கள். எனக்குக் கிடைத்த புலமைப்பரிசில் விடுதிக் காசையும் சேர்த்துக் கொடுத்தது. அதனால்தான் பார்க்டேலில் அண்ணா வீட்டுச் சோபாவில் படுத்தவளுக்கு நாலு சுவர் உள்ள தனி அறை கிடைத்தது.

வாயிற் கூண்டில் இருந்தவர் சாவி தந்தார். மூன்றாம் மாடி, பழைய மரப் படி. நடையின் இரு பக்கமும் ஆறு அறைகள், ஒரு குளியலறை, சுவரில் தொங்கும் ஒரேயொரு ரெலிபோன். ஒவ்வொரு கதவிலும் நிறக் கடதாசியில் வெட்டிய பெயர். வசந்தி என்ற என் பெயரில் ஒரு எழுத்துக் கூடிப்போயிருந்தது. பக்கத்துக் கதவில் “நிமி ராஜ்” என்று இருந்தது. எந்த நாட்டுப் பெயர் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது உள்ளே இருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை. யன்னலைத் திறந்துபோட்டுப் படுக்காதை.”

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தாயும் தகப்பனும் வெளியே வந்தார்கள். தாய் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். தகப்பன் மெலிந்த மனிதர்; வெறும் பெட்டிகளைத் தட்டையாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். என்னைப் பார்த்து, “நீங்கள் தமிழோ? எங்கட நிர்மலா உதிலதான். பாத்துக்கொள்ளுங்கோ” என்றார். அவர்கள் படியிறங்கியதும் நான் பக்கத்துக் கதவில் நின்று, “நீங்களும் எங்கட ஆக்களோ?” என்று கேட்டேன். நிர்மலா, அதாவது நிமி, புத்தகங்களை அடுக்கிக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: “மன்னிக்க வேண்டும், எனக்கு அந்த மொழி பேச வராது.” கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் மூடினாள்.

(நிமி எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசினாள். அவள் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

செப்டெம்பர் முழுவதும் நான் வழி தவறினேன். விரிவுரை மண்டபத்தில் முந்நூறு பேர். கல்லூரிக்குத் திரும்பினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கூட்டமாக மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். கோடையில் ஏரிக் கரைக் குடிலுக்குப் போனவர்கள், ஒரே தனியார் பள்ளியில் படித்தவர்கள், தகப்பனும் இதே கல்லூரியில் படித்தவர்கள். ஒருவரும் என்னோடு மோசமாக நடக்கவில்லை. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள். பார்க்டேல் என்பேன். “இல்லை, அதற்கு முதல்?” என்பார்கள். அதற்கு முதல் என்பதைச் சொல்லத் தொடங்கினால் அவர்களின் முகம் மரியாதையாக மாறிவிடும். பிறகு சிரிப்பு வராது. அது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குக் கறுப்பு மேலங்கி போடவேண்டும். மேல் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் பழையது ஒன்றைப் பன்னிரண்டு டொலருக்கு வாங்கினேன். மண்டபச் சுவரில், இறந்துபோன கல்லூரி அதிபர்களின் எண்ணெய் ஓவியங்கள். மேடை மேசையில் ஆசிரியர்கள். ஒருவர் லத்தீனில் ஏதோ சொல்வார், எல்லோரும் கதிரையை இழுத்து உட்காருவார்கள். மசித்த உருளைக்கிழங்கு, அவித்த பச்சைப் பட்டாணி, சுட்ட மாட்டிறைச்சி. மாடு வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு. மிளகாய்த்தூளை அறையில் வைத்துப் பாணோடு தொட்டுச் சாப்பிட்டேன், நடையில் மணம் போகாமல் யன்னலைத் திறந்துவிட்டு.

ஒரு புதன்கிழமை எதிரே இருந்த பெடியன் என்னையும், இரண்டு கதிரை தள்ளி இருந்த நிமியையும் பார்த்து, “நீங்கள் இரண்டு பேரும் சொந்தக்காரரா?” என்று கேட்டான். “இல்லை” என்றாள் நிமி. அவன் கேட்டு முடிக்கமுதலே சொல்லிவிட்டாள். நான் தண்ணீரைக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்டேலுக்குப் போனேன். அங்கே என் சோபாவில் அண்ணியின் தம்பி படுக்கத் தொடங்கியிருந்தான். நகரின் கிழக்கே வோபர்னில் வேலை கிடைக்கும்வரைக்கும் என்றார்கள். என் உடுப்புப் பெட்டி குளியலறைக்குப் பக்கத்தில் போயிருந்தது. “யூனிவர்சிற்றிக்காரிக்குச் சோறு போடு” என்று அண்ணா பகிடி விடுவார். சாப்பிட்டுவிட்டு, இருட்டுகிற நேரத்தில் திரும்பவும் ஸ்ரீட்கார். இரண்டு இடத்திலும் நான் விருந்தாளியாகிவிட்டேன் என்பது ஒக்டோபர் நடுவில் எனக்குப் புரிந்தது. அந்த மாதத்தில் பல தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏதாவது தொழிற்சாலை வேலைக்குப் போவோமா என்று யோசித்தேன்.

நவம்பர் கடைசி. முதல் பனி காலையில் விழுந்து, மத்தியானம் சேறாகியிருந்தது. அன்று மத்தியானம் எனக்கு வகுப்பில்லை. மூன்றாம் மாடியில் வேறு யாருமில்லை. ரெலிபோன் அடித்தது. எடுத்தேன். ஒரு ஆண் குரல், உடைந்த ஆங்கிலத்தில் நிர்மலாவைக் கேட்டது. இல்லை என்றேன். அவர் ரெலிபோன் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் யாரிடமோ, “ஆரோ வேற பிள்ளை எடுக்குது” என்று தமிழில் சொன்னது கேட்டது.

“நானும் தமிழ்தான் அங்கிள். சொல்லுங்கோ.”

“தமிழோ? நல்லதாப் போச்சு பிள்ளை. நான் அவவின்ர பெரியப்பா. தம்பி மோசம் போயிட்டார். காலமை வேலைக்கு வெளிக்கிடேக்கை விழுந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே எல்லாம் முடிஞ்சுது. அவளிட்டை இதை இப்ப சொல்லாதையும். சுகமில்லை எண்டு மட்டும் சொல்லி வையும். நான் ஆரையும் காரிலை அனுப்புறன்.”

ரெலிபோனை வைத்தபிறகு படியில் உட்கார்ந்தேன். பெட்டிகளை மடித்துக்கொண்டு போன மனிதரை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

நிமி ஆய்வுகூடத்திலிருந்து வந்தபோது பின்னேரமாகிவிட்டது. எழுந்து நின்று சொன்னேன். “உன் பெரியப்பா போன் எடுத்தார். அப்பாவுக்குச் சுகமில்லையாம். கார் அனுப்புகிறாராம், இங்கேயே நிற்கச் சொன்னார்.” அவள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துப் பார்த்தாள். வேறு யாரோ எடுத்துத் தமிழில் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். “ஆங்கிலத்தில், தயவுசெய்து ஆங்கிலத்தில்” என்று இவள் கெஞ்சினாள். பிறகு ரெலிபோனைத் தொங்கவிட்டுவிட்டு, மெல்லிய சட்டையோடு படியிறங்கி ஓடினாள். அவளுடைய அறையிலிருந்து குளிர்ச் சட்டையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

சென் ஜோர்ஜ் நிலையம்வரை அவள் நிற்கவில்லை. என்னிடமிருந்த டிக்கெட்டுகளில் இருவருக்கும் போட்டேன். யங் வீதிப் பாதைக்கு மாறி வடக்கே போகும் வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்தது அதுதான் முதல் தடவை. றோஸ்டேல் தாண்டியதும் வண்டி கொஞ்சத் தூரம் வெளிச்சத்துக்கு வரும். தண்டவாளத்தின் இருபுறமும் பனி அழுக்காகக் கிடந்தது.

“எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டாள்.

“தெரியாது.”

“நீ கேட்கவில்லையா?”

அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். “பெரியப்பா என்ன சொன்னார்? நீ சொல்வது வேண்டாம். அவர் தமிழில் சொன்ன அந்தச் சொல்லை அப்படியே சொல்லு.”

“மோசம் போயிட்டார்” என்றேன்.

அவள் அந்த இரண்டு சொல்லையும் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். “அதற்கு என்ன அர்த்தம்?”

வீட்டுக்குப் போகும்வரைக்கும் மறைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எப்போதும் அப்படித்தான். வாசலில் நிற்கிற கார்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இவள் கேட்கிறாள். தகப்பனைப் பற்றி அவளுடைய பெரியப்பா சொன்ன சொல் என்னிடம் இருக்கிறது. இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மொழியில் அதை மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நிமி அழவில்லை. எதிரே கதவுக்கு மேலிருந்த நிலையங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எக்ளிங்டனில் வண்டி மறுபடியும் சுரங்கத்துக்குள் போனது. யன்னல் கண்ணாடியில் எங்கள் இருவரின் முகங்களும் தெரிந்தன. எதிரில் இருந்த ஒரு வயதான சீனப் பெண், ஒன்றும் கேட்காமல், கைப்பையிலிருந்து ரிஷூத் தாள் எடுத்து நீட்டினார். நான்தான் வாங்கினேன். அழுதுகொண்டிருந்தது நான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பின்ச் நிலையம் கடைசி. அங்கிருந்து வடக்கே, நகர எல்லைக்கு வெளியே போகிற பஸ். அதற்கு வேறு டிக்கெட். நிமியிடம் காசுப்பை இல்லை. என்னிடம் இருந்த சில்லறை போதாது. சாரதி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “போய் இருங்கள், பிள்ளைகளே” என்றார். யங் வீதி நெடுகிலும் கார் விற்கும் இடங்கள், வெளிச்சம் போட்ட கடைத் தொகுதிகள், பிறகு இருட்டு, பிறகு மறுபடியும் கடைத் தொகுதி. றிச்மண்ட் ஹில்லில் இறங்கி அவளுடைய வீட்டுக்கு நடந்தபோது அந்த வீதிகளில் நடைபாதையே இல்லை என்று கண்டேன். யாரும் நடப்பதில்லை. ஒரே மாதிரியான பெரிய வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு கார் நிற்கும் கொட்டகை. ஒரு வீட்டின் முன்னால் மட்டும் வீதி வளைவுவரை கார்கள். நிமி அதைக் கண்டதும் நடையைக் குறைத்தாள்.

வாசலில் சப்பாத்துக் குவியல். உள்ளே சோபாக்களைச் சுவரோரம் தள்ளி, கம்பளத்தில் வெள்ளை விரிப்புப் போட்டிருந்தார்கள். தாய் மகளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார். நிமி கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். எனக்கு யாரோ தேத்தண்ணி தந்தார்கள். “பிள்ளை ஆர்?” என்று ஒரு அன்ரி கேட்டார். “கொலிஜ்ச் சிநேகிதி” என்றேன். நாங்கள் அதுவரை சிநேகிதிகள் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைத் தவிர வேறெதுவும் அந்த இடத்தில் பொருந்தவில்லை.

சனிக்கிழமை இறுதிக்கிரியை. அதற்கு முதல் நாள் நிமி ரெலிபோன் எடுத்தாள். “நீ வரமுடியுமா? எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்வதில்லை.” போனேன். யங் வீதியில் ஒரு மலர்ச்சாலை, சவக்கிரியை நடக்கும் இடம். பெட்டியில் அந்த மெலிந்த மனிதர் கோட்டும் ரையும் போட்டிருந்தார், நெற்றியில் திருநீறு. கிரியை தொடங்கமுதல் பக்கத்து அறைக்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். பெரியப்பா, அவருடைய மகன் சுரேன், ஐயர், நிமியின் தாய். பிரச்சினை என்னவென்றால், செத்தவருக்கு ஆண்பிள்ளை இல்லை. சுரேன்தான் கொள்ளி வைக்கவேண்டும் என்று முடிவாகிவிட்டது.

“அவர்களிடம் சொல்லு” என்றாள் நிமி. “நான்தான் செய்வேன். நான் அவருடைய ஒரே பிள்ளை.”

நான் சொன்னேன். “அங்கிள், தானே செய்யப்போறாவாம். ஒரே பிள்ளையாம்.”

“பெட்டையள் கொள்ளி வைக்கிறேல்லை எண்டு அவவுக்கு விளங்கப்படுத்தும் பிள்ளை. நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?”

ஆங்கிலத்தில் சொன்னேன். நிமி, “எந்தச் சனம்? பெயரைக் கேள்” என்றாள்.

“எந்தச் சனம் எண்டு கேக்கிறா, அங்கிள்.”

பெரியப்பா நிமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீர் யாழ்ப்பாணத்தில எவ்விடம்?”

“அல்வாய்.”

“அல்வாயிலை எந்தப் பக்கம்?”

யாழ்ப்பாணத்தார் எவருக்கும் அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று தெரியும். ஊருக்குப் பிறகு பக்கம், பக்கத்துக்குப் பிறகு ஒழுங்கை, ஒழுங்கைக்குப் பிறகு சாதி. பத்தாயிரம் மைல் தாண்டி, பிணம் பக்கத்து அறையில் இருக்க, அந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது.

“அது இப்ப எதுக்கு அங்கிள்?” என்றேன்.

“என்ன கேட்கிறார்?” என்றாள் நிமி.

“நான் எந்த இடம் என்று.”

“இப்போது ஏன் அதைக் கேட்கிறார்?”

அவளுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்த்தாலும் விளங்கியிருக்காது. அப்போதுதான், அதுவரை கதிரையில் தலைகுனிந்து இருந்த தாய் வாய் திறந்தார். “அவளும் நிண்டு செய்யட்டும் அத்தான். எனக்கு வேற பிள்ளை இல்லை.” ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். “கிரியையை இந்தத் தம்பி செய்யட்டும். தகனச் சாலையிலை அந்த எரிக்கிற சுவிச்சைப் பிள்ளை அமத்தட்டும். நேரம் போகுது” என்றார். அதுதான் முடிவு. நான் நிமிக்குச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

தகனச் சாலைக்கு மற்றப் பெண்கள் போகவில்லை. நிமி என் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்களோடு காரில் ஏறினாள். ஒருவரும் தடுக்கவில்லை. அது மிகச் சின்ன அறை. இரும்புக் கதவு, அதன் பக்கத்துச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். கறுப்புக் கோட்டுப் போட்ட பணியாளர் தாழ்ந்த குரலில், “யார் அழுத்துவது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐயர் மந்திரத்தை வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பாவின் கை சுரேனின் முதுகில் இருந்தது. அவனும் எங்கள் வயதுதான். கண் தெரியாமல் அழுதுகொண்டிருந்தான். முதுகில் கை அழுந்தியதும் அவன் முன்னால் போய்ப் பொத்தானை அமத்திவிட்டான். இரும்புக் கதவுக்குப் பின்னால் ஏதோ உறுமியது. பெரியப்பா வேண்டுமென்று செய்தாரா, வழக்கத்தில் கை தானாகப் போனதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நிமி ஒரு அடி எடுத்து வைத்திருந்தாள். “அவ்வளவுதானா?” என்று என்னிடம் கேட்டாள்.

ஓம் என்றேன், தமிழில்.

டிசெம்பரில் அவள் ஒரேயொரு பரீட்சை எழுதக் கல்லூரிக்கு வந்தாள். அன்று புதன்கிழமை. மேலங்கியோடு வந்து, சாப்பாட்டு மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொந்தக்காரரா என்று முன்பு கேட்ட பெடியன் எதிரில்தான் இருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே நிமி, “அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாளே, பாட்டு மாதிரி. அதில் என்ன சொன்னாள்?” என்று கேட்டாள்.

எனக்கு நினைவிருந்தது; ஆங்கிலத்தில் சொன்னேன். என்ர ராசா என்றார். என்னை இந்தப் பனிக்குள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டுத் தனியப் போயிட்டியே என்றார். எனக்குக் கார் ஓடத் தெரியாதே, இனி ஆர் என்னைக் கடைக்கும் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போறது என்றார்.

“கார் ஓடத் தெரியாது என்றா?”

“ஓம்.”

நிமி கரண்டியை வைத்துவிட்டாள். அந்த வீட்டைச் சுற்றி நடைபாதைகூட இல்லாததை இரண்டு பேருமே யோசித்தோம் என்று நினைக்கிறேன். அவள் அதன்பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜனவரியில், பனி முழங்காலளவு கிடந்த ஒரு காலை, அவளும் சுரேனும் வான் வண்டி கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார்கள். விடுதியை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப்போவதாகவும், சாரதிப் பரீட்சைக்குப் பழகுவதாகவும் சொன்னாள். நான் புத்தகப் பெட்டிகளைப் படியால் இறக்கினேன். கதவிலிருந்த நிறக் கடதாசியை அவளே உரித்துக் கசக்கிப் போட்டாள். “நீ இங்கே இரு. நீ போகாதே” என்றாள். அந்த அறைக்கு அடுத்த வாரமே ஒட்டாவாவிலிருந்து ஒருத்தி வந்துவிட்டாள். அவளும் நல்லவள்தான்.

நான் இருந்தேன். மாசி, பங்குனிக்குள் கல்லூரி எனக்குப் பழகிவிட்டது. நூலகத்தில் எந்த மூலையில் சூடு வரும், எந்த ஆசிரியர் மடக்கிக் கேட்பார், சமையலறையில் யாரிடம் சொன்னால் முட்டை பொரித்துத் தருவார், எல்லாம் தெரியும். மாடிப்படிக் கூட்டத்தில் எனக்கும் ஒரு படி கிடைத்தது. ஒரு நாள் யாரோ சொன்ன பகிடிக்கு எல்லோரோடும் சேர்ந்து உரக்கச் சிரித்துவிட்டு, பக்கத்துக் கதவைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் சிரித்தேன். பழகிவிடுவது என்பது அப்படித்தான் நடக்கிறது. நடக்கும்போது ஒரு சந்தோஷமும் தெரிவதில்லை.

ஏப்ரல் கடைசியில் விடுதியைக் காலி செய்யவேண்டும். அண்ணா வேலை செய்யும் இடத்து வானை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் மாடிக்கு ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு அறையைப் பார்த்தார். “உவ்வளவுதானோ?” என்றார். “நான் பெரிசாய் இருக்கும் எண்டு நினைச்சன்.” சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்பாடினாவால் இறங்கி, கிங் வீதியில் மேற்கே திரும்பினோம். மழை தூறியது. அதுவரை அண்ணாவுக்கு நான் நிமியின் கதையைச் சொல்லவில்லை. பார்க்டேலில் அவர் வேலையால் வருகிற நேரம் எல்லோரும் இருப்பார்கள். அந்த வானுக்குள் சொன்னேன். சப்வேயில் அவள் கேட்ட சொல், பெரியப்பா கேட்ட கேள்வி, பொத்தான், எல்லாம்.

டவ்பெரின் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது.

“அந்த மனிசன் செய்தது பிழை” என்றார். பிறகு, கண்ணாடியில் மழையைத் துடைக்கிற தடியைப் பார்த்துக்கொண்டு, “அல்வாயிலை அம்மாவுக்கு ஏதும் எண்டால் நான்தானே செய்யோணும். எனக்கு ஏலாமல் போனால் நீ செய். ஒருத்தரையும் கேட்டுக்கொண்டு நிக்காதை” என்றார்.

“ஓம் அண்ணா.”

விளக்குப் பச்சையாகிவிட்டது. அவர் வானை எடுக்கவில்லை. பின்னால் நின்ற ஸ்ரீட்கார் மணி அடித்தது.

“ஆனால் நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சயெல்லோ நிக்கிறம்” என்றார் அண்ணா.